உள்ளே எத்தனை கன அங்குலம்?

1964 மார்ச் மாதம் வெளியான 'கார் அண்ட் டிரைவர்' இதழை அமெரிக்கக் கார் ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. அட்டையில் இரண்டு கார்கள் முட்டி மோதிக்கொண்டு ஓடும் ஓவியம். ஒன்று இத்தாலியின் ஃபெராரி ஜி.டி.ஓ. இன்னொன்று, கொஞ்சமும் கூச்சமில்லாமல் அதே பெயரைச் சூட்டிக்கொண்ட அமெரிக்கக் கார், போன்டியாக் ஜி.டி.ஓ. உள்ளே புரட்டினால்தான் தெரியும், இரண்டும் நேருக்கு நேர் ஓடவே இல்லை என்று. ஆனால் போன்டியாக் எடுத்த நேரம் எல்லோரையும் அசத்தியது. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தைத் தொட 4.6 விநாடி. ஃபெராரியின் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைத்த கார் அது.

அசத்தியதில் ஒரு தில்லுமுல்லும் இருந்தது. கடையில் விற்ற ஜி.டி.ஓ.வில் 389 கன அங்குல எஞ்சின். பத்திரிகைக்காரர்கள் கையில் கொடுத்த காரில் இருந்தது 421. போன்டியாக்கின் விளம்பரப் பொறுப்பில் இருந்த ஜிம் வேங்கர்ஸ் பல ஆண்டுகள் கழித்து இதை ஒப்புக்கொண்டார். கார்களைப் பிரித்து மேய்கிற பத்திரிகைக்காரர்கள் பானெட்டைத் திறந்து பார்த்தும் எப்படி ஏமாந்தார்கள்?

காரணம் எளிது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். செவ்ரலே, ஃபோர்டு எல்லாம் சிறிய பிளாக், பெரிய பிளாக் என்று தனித்தனியாக வார்த்தபோது, போன்டியாக் ஒரே அளவு வெளிக்கூட்டை வைத்துக்கொண்டு 326, 350, 389, 400, 421, 428, 455 என்று உள்ளே மட்டும் மாற்றிக்கொண்டே போனது. முக்கியமாகத் துளையின் விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும்தான் வேறு வேறு.

அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பழைய ஜி.டி.ஓ.வுக்கு வேகமான எஞ்சின் கட்ட உட்காருகிறவருக்கு வரமும் சாபமும் இந்த ஒன்றே. பெரிய வேன் போன்ற ஒரு குடும்பக் காரிலிருந்து கழற்றிய எஞ்சின்கூட இதில் உட்கார்ந்துவிடும். ஆனால் எதிரே கிடக்கும் இரும்புக்குள் என்ன இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. எண்களைப் படிக்கத் தெரிந்தவர் பிழைத்தார். தெரியாதவர் பணத்தை இறக்கிவிட்டு முழிப்பார்.

அளவு புரிய ஒரு கணக்கு. 389 கன அங்குலம் என்பது ஏறத்தாழ 6.4 லிட்டர், எட்டு சிலிண்டர். எட்டால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 797 சி.சி. நம் ஊர் மாருதி 800-ன் முழு எஞ்சினும் 796 சி.சி.தான்.

விதியை ஏய்த்துப் பிறந்த கார்

போன்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் தன் நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்று விதி வைத்திருந்தது. போன்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டிலோரியன் (பிற்பாடு 'பேக் டு தி ஃபியூச்சர்' படத்தில் காலப் பயணம் செய்யும் காரைத் தயாரித்தவர்) அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். 389 எஞ்சினைத் தனிக் காராக அறிவிக்கவில்லை. டெம்பெஸ்ட் லெமான்ஸ் என்ற சாதுவான காருக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் கிடைக்கும் ஒரு விருப்பத் தேர்வாக நுழைத்துவிட்டார். ஐயாயிரம் கார் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் ஆண்டிலேயே 32,450 போனது. 1966-ல் ஏறக்குறைய 97,000. 'மசில் கார்' என்று அமெரிக்கா பெயர் வைத்த வகைக்கு வழி திறந்துவிட்ட வண்டி இது.

எஞ்சினை மேலும் முறுக்கேற்றப் பாகம் தேடும் வழக்கமும் அப்போதே ஆரம்பித்துவிட்டது. மிச்சிகனின் ராயல் ஓக் ஊரில் இருந்த ராயல் போன்டியாக் என்ற விற்பனையகம் 'பாப்கேட்' என்ற பெயரில் ஒரு பொட்டலத்தைத் தபாலில் அனுப்பியது. உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. எரியறையைச் சற்றே சுருக்கி அழுத்தத்தைக் கூட்டும் மெல்லிய ஹெட் கேஸ்கெட், கார்புரேட்டருக்கு வேறு ஜெட், இன்டேக்குக்கு அடியில் சூடான புகை போகும் வழியை அடைக்கும் கேஸ்கெட், டிஸ்ட்ரிபியூட்டரின் டைமிங்கை மாற்றும் சில்லறைச் சாமான்கள். எல்லாம் சேர்ந்து ஒரே நோக்கத்துக்காகத் தேர்ந்தெடுத்த சாமான்கள் என்பதுதான் அதன் பலம். இன்றைக்கும் நல்ல எஞ்சின் கட்டுகிறவர்கள் சொல்வது இதைத்தான்: தனித்தனியாகச் சிறந்த பாகங்களை வாங்கிக் குவித்தால் எஞ்சின் வராது.

முதல் போல்ட்டுக்கு முன் ஒரு முடிவு

தேடலில் இறங்குமுன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இந்தக் கார் விலைக்கா, வேகத்துக்கா?

அமெரிக்க ஏல மேடைகளில் பழைய காரின் விலையைத் தீர்மானிப்பது அதன் எஞ்சின் தொழிற்சாலையில் அந்தக் காருக்கென்றே பொருத்தப்பட்டதா என்பது. 1968 முதல் போன்டியாக் எஞ்சின் பிளாக்கில் காரின் அடையாள எண்ணின் ஒரு பகுதியைப் பொறித்தார்கள். இரண்டும் ஒத்துப்போனால் 'நம்பர்ஸ் மேட்சிங்'. 1969-ல் வந்த ஜி.டி.ஓ. 'ஜட்ஜ்' மொத்தம் 6,833 கார்கள். அதில் மேற்கூரை மடங்கும் மாடலில், 'ராம் ஏர் 4' என்ற உயர்திறன் எஞ்சினோடு வந்தவை ஐந்தே ஐந்து. அப்படி ஒரு வண்டியின் பிளாக்கில் துளையைப் பெரிதாக்குவதைப் பற்றி யோசிப்பதுகூடப் பாவம்.

ஆகவே விவரமானவர்கள் செய்வது இது: காரோடு பிறந்த எஞ்சினைக் கழற்றி, எண்ணெய் தடவிப் பத்திரமாகக் கட்டிவைத்துவிடுவார்கள். ஓட்டுவதற்கு இன்னொரு பிளாக்கைத் தேடிக் கட்டுவார்கள். வெளிக்கூடு ஒன்றாக இருப்பதால் பானெட்டுக்கு அடியில் வித்தியாசமே தெரியாது. வேங்கர்ஸ் செய்த அதே வித்தைதான். இங்கே ஏமாறுவோர் யாருமில்லை.

ஏமாற்றுவோர் வேறு இடத்தில் இருக்கிறார்கள். பழைய எண்ணை இழைத்துவிட்டு ராம் ஏர் எண்ணைப் புதிதாகப் பொறித்து விற்பது இந்தத் தொழிலில் நெடுநாள் வியாதி. போன்டியாக்கின் பழைய தயாரிப்பு ஆவணங்களின் நகலைக் கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் பி.எச்.எஸ். என்ற அமைப்பு இருக்கிறது. அந்தக் கார் என்ன எஞ்சினோடு தொழிற்சாலையை விட்டது என்று அந்தக் காகிதம் சொல்லிவிடும். பெரிய தொகை கொடுத்து 'ஒரிஜினல்' வாங்குகிறவர் அதைப் பார்க்காமல் வாங்கினால் அவர்மேல் இரக்கப்பட முடியாது.

இரும்பில் எழுதிய ஜாதகம்

பிளாக்கின் பின்புறம் வார்ப்பு எண் இருக்கும். பக்கத்திலேயே தேதி: ஓர் ஆங்கில எழுத்து, பிறகு நாள், கடைசியில் ஆண்டின் கடைசி இலக்கம். முதல் எழுத்து ஜனவரியில் தொடங்கி வரிசையாகப் பன்னிரண்டு மாதத்தைக் குறிக்கும். பத்தாண்டு எது என்பதை வார்ப்பு எண்ணிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். முன்புறம் இரண்டெழுத்துக் குறி. எந்தக் காருக்கு, என்ன திறனில் கட்டிய எஞ்சின் என்று அது சொல்லும். சிலிண்டர் ஹெட்டின் அடையாளம் நடுவில் உள்ள எக்ஸாஸ்ட் துளைகளுக்கு மேலே புடைத்து நிற்கும்: 16, 48, 12, 670, 6எக்ஸ்.

400 எஞ்சினைத் தேடுகிறவர்களுக்கு இதில் சில எண்கள் மனப்பாடம். 1970-ல் வார்த்த 9799914-க்கு நல்ல பெயர். எழுபதுகளின் பிற்பகுதியில், போன்டியாக் டிரான்ஸ் ஆம் கார்களின் டபிள்யூ 72 எஞ்சினுக்கு வந்த 481988 கனமான பிளாக் என்று மதிக்கப்படுகிறது. அதே காலத்து 500557-ஐ இரும்பு மெலிந்த பிளாக் என்று சொல்லி, அதிகத் திறன் வேண்டுவோர் ஒதுக்கிவிடுவார்கள். மூன்றையும் சேற்றோடு பக்கத்தில் பக்கத்தில் போட்டால் கண்ணுக்கு ஒரே இரும்புதான்.

சின்னச் சின்ன மாற்றங்கள்தான் கழுத்தை அறுக்கும். எஞ்சினைச் சட்டத்தில் தாங்கும் போல்ட் துளைகளின் இடம் எழுபதில் மாறியது. 1970 முதல் 1974 வரையான பிளாக்குகளில் பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் துளை உண்டு, அதனால் அவற்றுக்குக் கிராக்கி. முன்பக்க டைமிங் கவர் 1968 வரை எட்டு போல்ட், 1969 முதல் பதினொன்று. அதற்கேற்ப வாட்டர் பம்ப்பும் வேறு. மூன்று கார்புரேட்டர் வரிசையாக உட்காரும் 'ட்ரை பவர்' இன்டேக் ரசிகர்களின் கனவு. 1964-ன் இன்டேக்கை ஆசையாக வாங்கிவந்து 1965 முதல் வந்த ஹெட்டில் வைத்தால் பொருந்தாது. 1967 முதல் கார்வெட் போன்ற ஓரிரு கார்கள் தவிர வேறெதிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கார்புரேட்டர் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தடுத்துவிட்டதால் ட்ரை பவரின் சரக்கு அத்தோடு நின்றது. விலை ஏறியபடியே இருக்கிறது.

எங்கே கிடைக்கும்?

செவ்ரலேயின் சிறிய பிளாக் எஞ்சினுக்கு இந்தக் கவலை கிடையாது. 1955-ல் பிறந்த அந்தக் குடும்பத்தின் பத்து கோடியாவது எஞ்சினை 2011-ல் கொண்டாடினார்கள். எந்த ஊர்க் கடையிலும் பிஸ்டன் கிடைக்கும். போன்டியாக்கின் சொந்த வி-8, 1981-ஓடு நின்றுபோனது. போன்டியாக் பிரிவே 2010-ல் மூடப்பட்டது. பல பழைய ஜி.டி.ஓ.க்களின் வயிற்றில் இன்று செவ்ரலே எஞ்சின் இருப்பதற்கு இதுதான் காரணம். மலிவு, சுலபம், எல்லாம் சரி. ஆனால் போன்டியாக் கூட்டத்தில் பானெட்டைத் திறந்து காட்ட முடியாது.

அந்தக் காலத்தில் காயலான் கடைதான் கதி. தேட வேண்டியது ஜி.டி.ஓ.வை அல்ல, கட்டலினா, பானவில் போன்ற எழுபதுகளின் பெரிய குடும்பக் கார்களையும் ஸ்டேஷன் வேகன்களையும். அவற்றில் 400-ம் 455-ம் தாராளமாக இருந்தன. மளிகை வாங்கப் போய்வந்த வண்டி, எஞ்சினை யாரும் வதைத்திருக்க மாட்டார்கள். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை இப்போது உருக்காலைக்குப் போய்விட்டன.

மிச்சம் இருப்பது சந்தைகளில் வருகிறது. 'ஸ்வாப் மீட்' என்று அழைக்கும் இந்தத் திறந்தவெளிச் சந்தைகளுக்குப் பென்சில்வேனியாவின் கார்லைல் ஊர் பேர்போனது. 1974 முதல் நடக்கிறது. அதே மாநிலத்தின் ஹெர்ஷியில் அக்டோபரில் கூடும் சந்தை இன்னும் பழசு. ஒஹாயோவின் நார்வாக்கில் ஆகஸ்டில் நடக்கும் போன்டியாக் பந்தயத்தோடு அந்தக் கம்பெனிக் கார்களுக்கென்றே தனிச் சந்தை கூடும். அங்கே போகிறவர்கள் கையில் கம்பித் தூரிகை, டார்ச், வெர்னியர் காலிப்பர் மூன்றும் இருக்கும். துருவைச் சுரண்டி எண்ணைப் படி, துளையை அள, பிறகு விலை பேசு.

அப்படியும் வாங்கியது பிளாக்கா பழைய இரும்பா என்பதை லேத் பட்டறைதான் சொல்ல முடியும். குளிர் மாநிலங்களில் உள்ளே தண்ணீர் உறைந்து சுவர் வெடித்திருக்கலாம். காந்தத் துகள் தூவி விரிசல் பார்ப்பார்கள். ஒலியலையைச் செலுத்தி சிலிண்டர் சுவரின் கனத்தை அளப்பார்கள், ஏனென்றால் வார்க்கும்போது அச்சு சற்று நகர்ந்திருந்தால் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும். அந்தச் சுவரைப் போய் ரீபோர் செய்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஆகவே விற்பவரிடம் 'சோதனையில் தேறாவிட்டால் திருப்பித் தருவேன்' என்று பேசிவிட்டு வாங்குவது உத்தமம். இந்தப் பேச்சுக்கு முகம் சுளிக்கிறவரிடம் வாங்காமலிருப்பது அதைவிட உத்தமம்.

400-ஐ 461 ஆக்குவது

பிளாக் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே பழையதில் முதலில் தூக்கிப்போட வேண்டியது கனெக்டிங் ராட். போன்டியாக் தன் பெரும்பாலான எஞ்சின்களில் அடித்து உருவாக்கிய எஃகு ராடைப் போடாமல், வார்த்த ராடைப் போட்டது. பட்டியலில் 'ஆர்மாஸ்டீல்' என்று பெயர் வைத்தால் மட்டும் எஃகாகிவிடுமா? நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டி ஆட்டினால் ஒருநாள் உடைந்து பிளாக்கின் பக்கவாட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பழைய ராடுகளைச் சீர்செய்து புதிய போல்ட் போடும் கூலியோடு கொஞ்சம் சேர்த்தால், அடித்த எஃகில் புதிய செட்டே வாங்கலாம். இதில் மிச்சம் பிடிப்பது போன்ற முட்டாள்தனம் இல்லை.

அடுத்தது கிராங்க் ஷாப்ட். 455-ன் கிராங்க்கைத் தூக்கி 400-ல் போட்டால் பெரிய எஞ்சின் ஆகிவிடும் என்று யாருக்கும் தோன்றும். போட முடியாது: 400-ன் மெயின் பேரிங் தாங்கும் இடம் 3 அங்குலம், 455-க்கு 3.25. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் புதிய தலைமுறைப் பட்டறைகள் 3 அங்குல மெயினும் 4.25 அங்குல ஸ்ட்ரோக்கும் கொண்ட கிராங்க்கைச் செய்து விற்க ஆரம்பித்தன. 400-ன் துளையை 4.155 அங்குலத்துக்கு ரீபோர் செய்து இதைப் போட்டால் 461 கன அங்குலம், ஏழரை லிட்டர். கிராங்க், ராட், பிஸ்டன், பேரிங் எல்லாம் எடை சமன்செய்து ஒரே பெட்டியில் வரும். டென்னசியில் உள்ள பட்லர் பெர்ஃபார்மன்ஸ் போன்ற போன்டியாக் நிபுணர்களின் பிழைப்பே பெரும்பாலும் இதுதான். நல்ல ஹெட் சேர்ந்தால் 500 குதிரைத்திறன் எட்டிவிடும் தூரம். 1964-ல் மூன்று கார்புரேட்டரோடு கம்பெனி சொன்ன கணக்கு 348. அதுவும் விசிறி, சைலன்சர் எதையும் மாட்டாமல் அளந்த பழைய முறைக் கணக்கு.

ஹெட் வாங்கும் இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், காரணம் பெட்ரோல். அறுபதுகளில் ஈயம் கலந்த உயர்ரகப் பெட்ரோல் அமெரிக்காவில் எங்கும் கிடைத்தது, 10.75 மடங்கு அழுத்தத்தை எஞ்சின் தாங்கியது. 1971-லேயே கம்பெனி அழுத்தத்தை எட்டு சொச்சத்துக்கு இறக்கிவிட்டது. 1996 முதல் சாலை வண்டிகளுக்கு ஈயப் பெட்ரோல் விற்க அங்கே தடை. இன்றைய பங்க்கில் கிடைக்கும் 91, 93 ஆக்டேனில் வார்ப்பிரும்பு ஹெட்டுக்கு ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் வைத்தால் எஞ்சின் உள்ளே சுத்தியலால் தட்டும் சத்தம் கேட்கும்.

இப்போது கணக்கு போடலாம். 461-ல் ஒரு சிலிண்டர் சுமார் 944 சி.சி. தட்டைத் தலைப் பிஸ்டன் போட்டு, 72 சி.சி. எரியறை கொண்ட 1967-ன் 670 ஹெட்டை மாட்டினால் அழுத்தம் பதினொன்றரையைத் தாண்டிவிடும். பந்தயப் பெட்ரோல் வாங்கிக் கட்டுப்படியாகாது. அதே பிஸ்டனுக்கு மேல் 100 சி.சி.யை ஒட்டிய எழுபதுகளின் 6எக்ஸ் ஹெட்டை வைத்தால் ஒன்பது சொச்சம். ஒருகாலத்தில் 'சுரத்தில்லாத காலத்து ஹெட்' என்று காயலான் கடையில் யாரும் சீந்தாத 6எக்ஸுக்கு இப்போது வந்திருக்கும் மரியாதை இப்படித்தான். எடல்பிராக் கம்பெனியின் அலுமினிய ஹெட் 87 சி.சி.யில் கிடைக்கிறது, பத்துக்குப் பக்கத்தில் வரும். அலுமினியம் சூட்டை வேகமாகக் கடத்துவதால் அந்தப் பத்தைப் பங்க் பெட்ரோலே தாங்கும். பழைய இரும்பு ஹெட்டை வாங்கி, வால்வு, ஸ்பிரிங், கைடு, சீட் எல்லாம் மாற்றி, துளைகளைக் குடைந்து பெரிதாக்கும் கூலியைக் கூட்டிப் பார்த்தால் புதிய அலுமினிய ஹெட்டின் விலைக்கு அருகில் போய் நிற்கும். தோற்றம் பழையதாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் அலுமினியத்துக்கே போகலாம்.

கேம் ஷாப்ட் விஷயத்தில் இப்போது ஒரு புதுத் தலைவலி. பழைய எஞ்சினில் கேம் மேட்டின் மீது லிஃப்டரின் அடிப்பாகம் நேரடியாக உரசி ஓடும். அந்த உரசலைத் தாங்கவைத்தது எண்ணெயில் இருந்த துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம். அது புதுக் கார்களின் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கிறது என்று படிப்படியாகக் குறைத்துவிட்டார்கள். விளைவு, புத்தம்புதுக் கேம் முதல் அரைமணி நேரத்திலேயே தேய்ந்து, அந்த இரும்புப் பொடி பேரிங் முழுக்கப் பரவி, கட்டிய எஞ்சின் மறுபடி மேஜைக்கு வரும். பழைய முறைக் கேம்தான் போடுவேன் என்றால் பழைய வண்டிகளுக்கென்று விற்கும் துத்தநாகம் மிகுந்த எண்ணெய் கட்டாயம். முதல்முறை ஸ்டார்ட் செய்ததும் ஐடிலில் விடாமல் 2,000 சுற்றுக்கு மேலே இருபது நிமிடமாவது ஓடவிட வேண்டும். கையில் காசு இருந்தால் உருளை வைத்த ரோலர் லிஃப்டருக்கு மாறிவிடுவது நிம்மதி. அப்போதும் ஒரு பொறி உண்டு. ரோலர் கேமின் உலோகத்துக்கு ஒத்துப்போகும் பல்சக்கரம் டிஸ்ட்ரிபியூட்டரில் இல்லாவிட்டால் அது தேய்ந்துபோகும்.

போன்டியாக் இல்லாத போன்டியாக்

இதற்குமேல் ஆசை வளர்ந்தால் பழைய பிளாக் தாங்காது. 600, 700 குதிரைத்திறனைத் தாண்டும்போது மெயின் பேரிங்கைச் சுற்றியுள்ள இரும்பு விரிசல் விடத் தொடங்கும். அதற்கும் வழி பிறந்துவிட்டது. ஐ.ஏ.-2 என்ற பெயரில் போன்டியாக் வடிவிலேயே கனமான புதிய பிளாக்கை வார்த்து விற்கிறார்கள். ஒஹாயோவின் காஃப்மன் ரேசிங் போன்ற பட்டறைகள் பந்தயத்துக்கென்றே ஹெட் வார்க்கின்றன. இவற்றைச் சேர்த்துக் கட்டும் எஞ்சினில் ஜெனரல் மோட்டார்ஸ் செய்த பாகம் ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை. அதைப் போன்டியாக் என்று சொல்லலாமா என்று ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள். ஐம்பது வயது பிளாக்குகள் ஆண்டுக்காண்டு குறையும்போது இந்தச் சண்டை தானே அடங்கிவிடும்.

பணத்தைச் செலவழிக்கும் வரிசை பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பான கார்புரேட்டரையும் கேமையும் முதலில் வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற எஞ்சினைப் பிறகு தேடுவது பரவலான பழக்கம், தலைகீழான பழக்கமும்கூட. முதல் செலவு பிளாக்குக்கும் அதைச் சோதிக்கும் பட்டறைக்கும். பிறகு கிராங்க், ராட், பிஸ்டன். பிறகு ஹெட், அதன் எரியறையை அளந்து பார்த்த பின். காரின் எடை, கியர் விகிதம், வீதியில் ஓடுமா பந்தயத்தில் ஓடுமா என்பதெல்லாம் முடிவான பிறகே கேம். கார்புரேட்டர் எல்லாவற்றுக்கும் கடைசி. பெரும்பாலான தெரு வண்டிகளுக்கு அந்தக் காலத்தில் கம்பெனியே போட்ட குவாட்ராஜெட்டைச் சுத்தம் செய்து மாட்டினாலே போதும்.